பவழத்துக்கு நாக்கு ஏது?

நாம் வசிக்கும் திருவண்ணாமலையில் பவழக்குன்று என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. பெயரை நம்பி அங்கே பவழம் தேடப் போகிறவர்களுக்குக் கருங்கல்தான் அகப்படும். சமுத்திரமோ ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரிக் கரையில் இருக்கிறது. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிற ஜனத்திரளில், இந்த ஊரில் வைத்துக் கடலை நினைத்தவர் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகமே. அப்படியிருக்க, சில மாதங்களுக்கு முன் செங்கம் சாலையில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடலை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தக் கடலுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகவே நம்மை அழைத்திருந்தார்கள்.

அழைத்தவர் 18 வருஷங்களுக்கு முன் நம்மிடம் ரசாயனம் படித்த மாணவர். இப்போது பாங்கியில் உத்தியோகம். வைத்தியரை அழைக்காமல் வாத்தியாரை அழைப்பானேன் என்று கேட்டோம்.

"மீனுக்கு இந்த ஊரில் வைத்தியர் இல்லை, ஸார். தவிர, இது ரசாயன வியாதி போலத் தெரிகிறது" என்றார்.

கூடத்தின் மூலையில் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. மேலே நீல விளக்கு. உள்ளே செயற்கைக் கல்லை அடுக்கி, அதன்மேல் தோல் பவழம், காளான் பவழம் என்று சொல்லப்படும் மிருதுவான பவழங்களை வளர்த்திருந்தார். கல்லின்மேல் ஊதா நிறமான சுண்ணாம்புப் பாசி பூச்சுப் பூசினாற்போல் படர்ந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஒன்றும் நடவாதது போல் நீந்திக்கொண்டிருந்தன. ஆனால் பவழங்கள் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கிக் கிடந்தன. கண்ணாடி முழுவதும் வெள்ளைப் பொடி. நீரை ஓடச் செய்யும் சிறு பம்பில் சுண்ணாம்பு கட்டியாகப் பற்றியிருந்தது. கடல் நத்தைகளில் நாலு முதல் நாள் இரவே மாண்டுபோய்விட்டனவாம். தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியில், டானிக்குப் புட்டிகளைப் போல, ஐந்து புட்டிகள் வரிசையாக நின்றன.

1909-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறந்தார்களே, அவர்களுக்கு வாசலிலேயே சமுத்திரம் இருந்தது. நமது மாணவரோ ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தம் செய்த ஜலத்தில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைக் கரைத்துத் தம் கடலைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். உண்டாக்கிவிடுவது சுலபம். அதை அன்றாடம் கடலாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

* * *

வாசகர்களில் பலருக்குப் பவழம் என்றதும் மோதிரக் கல்தான் ஞாபகம் வரும். அந்தச் செம்பவழம் மத்தியதரைக் கடலில் விளையும் வேறு ஜாதி. நாம் இங்கே பேசுவது, கடலடியில் திட்டுத் திட்டாகப் பாறையை எழுப்புகிற பவழப் பூச்சிகளையும் அவற்றின் உறவினர்களையும் பற்றி. பூச்சி என்பது வழக்குச் சொல்லே தவிர, அது உண்மையில் பூச்சி அல்ல. குழாய் போன்ற உடலும் வாயைச் சுற்றி விரல்களும் உடைய சின்னஞ்சிறு கடற்பிராணி.

கடல் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் கரைந்திருக்கிறது. அதோடு பைகார்பனேட்டு என்னும் பொருளும் கரைந்திருக்கிறது. இந்தப் பிராணி இரண்டையும் சேர்த்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. வீடு என்பது நம் சுவரில் உள்ள அதே சுண்ணாம்புக் கல்தான். பரந்த கடலில் எவ்வளவு எடுத்தாலும் குறையாது. தொட்டியிலோ எடுக்க எடுக்கக் குறையும். குறைந்ததைத் திரும்பக் கொடுக்காவிட்டால் வளர்ச்சி நிற்கும். பிறகு உயிரும் நிற்கும். ஆகவே மருந்து கொடுப்பது தவறல்ல. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

"நீ எவ்வளவு கொடுத்தாய், அப்பா?" என்று கேட்டோம்.

"புட்டியின் மேல் போட்டிருந்தபடி தினம் ஒரு மூடி கால்சியம், ஒரு மூடி கார மருந்து, ஐந்து சொட்டு நுண்சத்துக்கள். சில நாள் பவழம் வாட்டமாக இருந்தால் இன்னொரு மூடி."

"அளந்து பார்த்தாயா?"

"மூடியால் அளந்துதானே ஊற்றினேன், ஸார்!"

நாம் சிரித்துவிட்டோம், பிறகு சிரித்ததற்காக வருந்தினோம். மருந்தை அளந்தாரே தவிர, ஜலத்தை அளக்கவில்லை. பரீட்சைப் பெட்டி ஒன்று வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருந்தார். அதை உடைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதித்ததில், கால்சியம் லிட்டருக்கு 540 மில்லிகிராம் என்றும், காரத்தன்மை 6 டிகிரி என்றும் தெரிந்தது. முதலாவது இருக்கவேண்டியதற்கு மிக அதிகம். இரண்டாவது குறைவு, 7-க்கும் 9-க்கும் நடுவே அது இருப்பது நலம்.

காரத்தன்மை என்பது ஜலத்தில் உள்ள பைகார்பனேட்டு இருப்பைக் காட்டும் கணக்கு. அதை ஜெர்மானியர் வகுத்த டிகிரியால் அளக்கிறார்கள். கல் கட்டும்போது இரண்டு பொருள்களும் ஒரே விகிதத்தில் செலவாகின்றன. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவானால், கூடவே 2.8 டிகிரி காரத்தன்மையும் செலவாகும். ஒன்றை மட்டும் ஏற்றுவது, வண்டியின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் போடுவது போலத்தான்.

நடந்தது இதுவே. புட்டியில் எழுதியிருந்த அளவு, கல் பவழம் நெருக்கமாக வளர்ந்த தொட்டிக்கு உரியது. இவர் வளர்த்ததோ மிருதுவான பவழம். அது பாறை கட்டுவதில்லை. உடம்புக்குள் ஊசி போன்ற சிறு சுண்ணாம்புத் துணுக்குகளை மட்டும் செய்துகொள்கிறது. சுண்ணாம்புப் பாசியும் நத்தைகளும் எடுப்பதும் சொற்பம்தான். தின்பவர் இல்லாத பந்தியில் பரிமாறிக்கொண்டே போயிருக்கிறார். போதாக்குறைக்கு இரண்டு மருந்துகளையும் ஒரே இடத்தில், ஒரே நிமிஷத்தில் ஊற்றியிருக்கிறார். இரண்டும் கலந்து, பவழத்துக்குள் கல்லாக வேண்டியது ஜலத்திலேயே பொடியாகி, கண்ணாடியிலும் பம்பிலும் படிந்துவிட்டது. காரத்தன்மையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதையெல்லாம் அவருடைய தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பிறந்தது தூத்துக்குடியில். வயது 75-க்கு மேல்.

"வாத்தியார் ஐயா, இந்தக் கரண்டகத்திலிருந்து விரல்நுனிச் சுண்ணாம்பு எடுக்கிறேன். துளி கூடிப்போனால் நாக்கு வெந்துவிடும், உடனே துப்பிவிடுவேன். அந்த வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்? அதுக்கு நாக்கு ஏது? துப்பத்தான் இடம் ஏது? குடியிருப்பதே அந்தத் தண்ணீருக்குள்ளே அல்லவா?" என்றார்.

நாம் ஒரு மணி நேரம் பேசியதன் சாரம் இதுதான். உறை பிரிக்காமல் கிடந்த அந்தப் பரீட்சைப் பெட்டிதான் பவழத்தின் நாக்கு.

* * *

சிகிச்சை மிகவும் சாதாரணமானது. முதலில் ஐந்து புட்டிகளையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னோம். இரண்டு வாரத்தில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 15 பங்கு ஜலத்தை எடுத்துவிட்டுப் புதுக் கடல் ஜலம் ஊற்றினார். கால்சியம் 470-க்கு இறங்கியது, காரத்தன்மை 7.4-க்கு ஏறியது. மீதியை ஏற்றுவதற்குச் சமையலறைச் சோடா உப்பே போதுமானது. தொட்டியின் கொள்ளளவு 190 லிட்டர் என்றாலும், கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக உண்மையில் உள்ள ஜலம் 150 லிட்டர்தான். மருந்துக் கணக்கில் பலர் இடறுவது இந்த இடத்தில். 150 லிட்டரில் காரத்தன்மையை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் நாலரை கிராம் சோடா உப்பு வேண்டும். அதையும் ஒரே நாளில் போடாமல், இரண்டு நாளாகப் பிரித்துக் கரைத்து விட்டார். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றலாகாது என்பது பொது விதி.

பிறகு ஒரு வாரம் ஒன்றுமே கொடுக்காமல், தினம் மாலையில் ஒரே நேரத்தில் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். அவருக்கு அது பெரிய சோதனை. அன்பு உள்ளவர்களுக்குச் சும்மா இருப்பதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. ஏழாம் நாள் காரத்தன்மை 8.4-லிருந்து 7.7-க்கு இறங்கியிருந்தது. கால்சியம் அப்படியே 470 என்றது. ஏதோ பிசகு என்று பதறினார். பிசகு இல்லை. காரத்தன்மை 0.7 டிகிரி குறைந்தால் கால்சியம் 5 மில்லிகிராம்தான் குறைந்திருக்கும். வீட்டுப் பரீட்சைப் பெட்டிக்கு அவ்வளவு சிறு வித்தியாசம் தெரியாது. ஆகையால் அன்றாடச் செலவை அறியக் காரத்தன்மையையே பார்க்கவேண்டும். கால்சியத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். மக்னீஸியம் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தால் சுண்ணாம்பு பவழத்துக்குப் போகாமல் ஜலத்திலேயே பொடியாக முந்திக்கொள்ளும்.

செலவு தெரிந்துவிட்டது. இனி வரவு. இதற்குப் புட்டி மருந்தே வேண்டாம் என்றோம். நமது பள்ளிக்கூடத்துப் பரிசோதனைச் சாலையில், பையன்கள் மூச்சை ஊதிப் பால்போல வெளுக்கச் செய்கிற தெளிந்த சுண்ணாம்பு நீர் இருக்கிறதே, அதுவேதான் மருந்து. ஐரோப்பாவில் கடல் தொட்டி வளர்ப்பவர்கள் இதைக் 'கால்க்வாஸர்' என்று ஜெர்மன் மொழியில் பெரிய பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பொருள் என்னவோ சுண்ணாம்பு நீர்தான். இதில் கால்சியமும் காரமும் பவழம் செலவிடுகிற அதே விகிதத்தில் இருப்பது விசேஷம். ஆனால் இது சரியாக உள்ள நிலையைக் காக்குமே தவிர, குலைந்த நிலையைத் திருத்தாது. திருத்துவது முன்னே சொன்ன வழியில்தான்.

ஒரு லிட்டர் சுத்த ஜலத்தில் சுமார் 1.7 கிராம் நீற்றின சுண்ணாம்புதான் கரையும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கும். ஜலம் சூடாக இருந்தால் இன்னும் குறைவாகத்தான் கரையும். கலக்கி, மூடிவைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுக்கவேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டு மேலே ஆடை படியும். மருந்தின் வேகம் குறையும். நமது மாணவரின் தொட்டிக்கு வாரத்துக்கு 1.4 கிராம் சுண்ணாம்பு, அதாவது சுமார் 800 மில்லி தெளிநீர், போதும் என்று கணக்கு வந்தது. தினத்துக்கு 115 மில்லி.

"இவ்வளவுதானா? நான் ஒரு நாளைக்கு வெற்றிலையிலேயே இதைவிட அதிகம் தின்கிறேனே!" என்றார் தாயார்.

ஆனால் கரண்டகத்துச் சுண்ணாம்பைத் தொட்டியில் போடலாகாது. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ரசாயனக் கடையில் சுத்தமான கால்சியம் ஹைடிராக்ஸைடு என்று கேட்டு வாங்கவேண்டும். தெளிநீர் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். அதைத் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டவும் கூடாது. வெயிலில் தினம் ஆவியாகிப் போகும் ஜலத்துக்கு ஈடாக ஊற்றும் நல்ல தண்ணீரோடு சேர்த்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் போன்ற ஒன்றால், நீரோட்டம் உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக இரவில் விடுவது உசிதம். இரவில் தொட்டி ஜலத்தில் கரியமிலவாயு கூடி, அமிலத்தன்மை சற்று ஏறும். சுண்ணாம்பு நீர் அதைச் சரிக்கட்டும்.

நுண்சத்துப் புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கைக் கடலில் ஸ்ட்ரான்ஷியம் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம். அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம்தான். இவற்றுள் பலவற்றை வீட்டில் அளக்க முடியாது. சிலவற்றில் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் அமிர்தம் விஷமாகிவிடும். தாமிரம் ஒரு துளி கூடினாலே நத்தைக்கும் பவழத்துக்கும் யமன். அளக்க முடியாததை ஊற்றாதிருப்பதே புத்திசாலித்தனம். வாரந்தோறும் நூற்றுக்கு 10 பங்கு ஜலத்தை மாற்றினால், இப்படிப்பட்ட தொட்டிக்கு வேண்டிய நுண்சத்து புது உப்போடு தானே வந்து சேரும்.

* * *

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி போனோம். தோல் பவழம் விரிந்து, விரல்களை நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. மாணவரின் முகமும் விரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் நம்மிடம் ஒரு ரகசியம் சொன்னார். வியாபாரி ஒருவன் டெலிபோனில் பேசினானாம். ராமேசுவரம் பக்கத்துச் சரக்கு, உயிருள்ள கல் பவழம், கேட்ட விலைக்குத் தருகிறேன் என்றானாம். "ஜலம்தான் இப்போது சரியாகிவிட்டதே, ஸார். இனிக் கால்சியம் நிறையச் சாப்பிடுகிற ஜாதியையே வளர்க்கலாமே!" என்றார்.

அளவு தெரிந்துகொண்ட மனிதர் இப்படிக் கேட்டது நமக்குத் திக்கென்றது. முதலில் சட்டத்தைச் சொன்னோம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவழ ஜாதிகள் அனைத்தையும் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பிறகு, சட்டம் வந்த காரணத்தைச் சொன்னோம். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பவழத்திட்டு. அலை முதலில் திட்டில் மோதி உடைந்து, வேகம் தணிந்துதான் தீவின் மணலைத் தொடும். அந்தத் திட்டைப் பல வருஷ காலம் கல் கல்லாகப் பெயர்த்துத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்குக் கல்லாகவும், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாகவும் அது போயிற்று. காவல் போனபின் அலை நேரே மணலில் பாய்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் அந்தப் பகுதியைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் சர்க்கார் அறிவித்தார்கள். 

மிஞ்சிய பவழத்துக்கும் இப்போது நிம்மதி இல்லை. 2010-லும் 2016-லும் கடல் ஜலம் சூடேறி, அங்கே பவழங்கள் நிறம் வெளுத்து ஏராளமாக மாண்டன. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கும் என்று பையன்கள் அறிவார்கள். நிறுத்தாமல் மேலும் ஊதிக்கொண்டே இருந்தால், வெளுத்தது மறுபடி தெளிந்துவிடும். படிந்த சுண்ணாம்பை அதிகப்படி கரியமிலவாயு கரைத்துவிடுகிறது. உலகமெல்லாம் எரிக்கிற நிலக்கரி, எண்ணெய்களின் புகையில் ஒரு பங்கு கடலில்தான் கரைகிறது. பவழம் கல் கட்டுவது வருஷத்துக்கு வருஷம் சிரமமாகிறது. தொட்டிக்கு நாம் சொட்டு மருந்து கொடுத்துவிடலாம். மன்னார் வளைகுடாவுக்கு எந்தப் புட்டியிலிருந்து கொடுப்பது?

மாணவர் பேசவில்லை. ஊஞ்சல்தான் பேசிற்று.

"எங்கள் தகப்பனார் தூத்துக்குடியில் வீடு கட்டினபோது நான் சின்னப் பெண். சுவருக்குச் சுண்ணாம்பு அந்தக் கடல் கல்லைச் சுட்டதுதான். காளவாய்ப் புகை மூக்கில் இப்பவும் இருக்கிறது. அது ஜீவன் கட்டின கல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஐயா. உனக்குத்தான் வாத்தியார் சொல்லிவிட்டாரே" என்று மகனைப் பார்த்தார்.

மாணவர் அங்கேயே டெலிபோனை எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாபாரி விலையைக் குறைத்திருக்க வேண்டும். "விலைக்காக இல்லை" என்று இவர் இரண்டு முறை சொன்னது நம் காதில் விழுந்தது.

நாம் புறப்படும்போது அவருடைய பெண் குழந்தை, நாலாவது வகுப்பு, நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தினம் அளந்து எழுதுகிற வேலை இப்போது அவளுடையதாம். அன்றைய தேதிக்கு நேரே 8.1 என்று போட்டிருந்தது. முதல் நாள் 8.2. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.